நாற்பதுக்கு மேல் ஒரு பிரசவம்: மிட்வைஃபை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"நாப்பது வயசு தாண்டியாச்சு, மிட்வைஃப் போதுமா? பெரிய டாக்டர்கிட்டதானே போகணும்?" ஆக்லாந்தில் என் சின்ன மகள் பிறந்த பிறகு தோழிகள் என்னிடம் அதிகம் கேட்டது இதுதான். கேட்கிறவர்களின் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் அதே கவலையோடு பல இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது கூடக்கூட நல்ல மிட்வைஃபின் தேவையும் கூடுகிறது. டாக்டர் கட்டாயம் வேண்டும். அந்த டாக்டரிடம் நம்மைச் சரியான நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளும் வேண்டும். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று ஆறுதல் மட்டும் சொல்கிறவர் நமக்குப் போதாது. வயதைக் கேட்டதுமே மிரட்டுகிறவரும் வேண்டாம். இன்னின்ன அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிடுவேன் என்று தெளிவாகச் சொல்கிறவரைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த ஊர் நடைமுறை

நியூசிலாந்தில் கர்ப்பம் உறுதியானதும் பொறுப்பாளர் ஒருவரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்எம்சி என்பார்கள். கர்ப்ப காலம், பிரசவம், குழந்தைக்கு ஆறு வாரம் ஆகும் வரையிலான கவனிப்பு மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. பெரும்பாலான பெண்களுக்கு அந்தப் பொறுப்பாளர் ஒரு மிட்வைஃப்தான். 1990-இல் ஹெலன் கிளார்க் சுகாதார அமைச்சராக இருந்தபோது வந்த சட்டத் திருத்தம், டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே ஒரு மிட்வைஃப் முழுப் பிரசவத்தையும் பார்க்கலாம் என்றாக்கியது. ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் அவரே எழுதிக் கொடுப்பார். பிரசவம் தொடர்பான மருந்துகளையும் எழுதித் தருவார். இதற்கென்றே தனிப் பட்டப்படிப்பு இருக்கிறது, மிட்வைஃபரி கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர்களுக்கும், தகுதியான விசாவில் இருப்பவர்களுக்கும் மிட்வைஃபின் கவனிப்புக்குக் கட்டணம் கிடையாது. தனியார் மகப்பேறு டாக்டரை அமர்த்திக்கொள்வதென்றால் பல ஆயிரம் டாலர் ஆகும்.

என் பெரியவள் பிறந்தது மதுரையில். இருவருக்கும் நடுவே பதின்மூன்று வருட இடைவெளி. முதல் கர்ப்பத்தில் மாதாமாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போய், ஐந்து நிமிடத்தில் வெளியே வந்த பழக்கம் எனக்கு. இங்கே நடப்பதைப் போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா, இந்த வயசுல டாக்டர் பாக்காம நர்ஸா பாக்குறாங்க?"

எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா அதற்கு நேர்மாறு. "பிள்ளை, எங்கட ஊரில மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பார்க்கிறவா. அவ சொன்னாத்தான் நாங்கள் ஆஸ்பத்திரிக்கே போறது" என்றார். இலங்கையில் 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து, வீடு தேடி வரும் குடும்ப நல மிட்வைஃப்களை நம்பித்தான் அந்த நாட்டின் தாய் சேய் நலம் வளர்ந்தது. அக்காவுக்கு இருந்த நம்பிக்கை பல தலைமுறை அனுபவத்தில் வந்தது. நானும் நம்பலாம் என்ற தைரியத்தை முதலில் எனக்குக் கொடுத்தவர் அவர்தான்.

வயதைப் பற்றி நேராகவே பேசுவோம்

நம் கவலை எதுவும் வீண் கற்பனை இல்லை. எண்களைத் தெரிந்துகொண்டு மிட்வைஃபிடம் போனால் பேச்சும் நேராக இருக்கும்.

டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பு இருபது வயதில் ஏறக்குறைய 1,500-இல் ஒன்று, நாற்பதில் 100-இல் ஒன்று. நூறில் ஒன்று என்றால் மீதித் தொண்ணூற்றொன்பது குழந்தைகளுக்கு அது இல்லை என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள். முதல் மூன்று மாதம் முடிவதற்குள் ஒரு ரத்தப் பரிசோதனை, பதினொன்றாவது வாரத்துக்குப் பிறகு கழுத்துப் பின்புற நீரை அளக்கும் ஸ்கேன், இரண்டையும் சேர்த்து உங்களுக்கான வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். இந்தப் பரிசோதனை வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஆனால் இதற்குக் காலக்கெடு உண்டு. பதினான்கு வாரம் நிறைந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும். மிட்வைஃபைச் சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது முதல் காரணம்.

அடுத்தது பிரஷர். கர்ப்ப கால பிரஷருக்கான பிரிட்டனின் நைஸ் மருத்துவ வழிகாட்டியில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆபத்தைக் கூட்டும் ஒரு காரணியாக இருக்கிறது, முந்தைய பிரசவத்துக்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் இடைவெளி என்பதும் ஒரு காரணி. முதல் கர்ப்பம் என்பதும் அதே பட்டியலில் வருகிறது. இப்படி இரண்டு காரணிகள் சேர்ந்தால் பன்னிரண்டாவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுக்கச் சொல்கிறது அந்த வழிகாட்டி. எனக்கு வயது, இடைவெளி இரண்டுமே பொருந்தின. நாற்பதுக்கு மேல் முதல் குழந்தை சுமக்கிறவர்களுக்கும் இரண்டு பொருந்தும். ஆஸ்பிரினை நீங்களாகவே மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டாம். மிட்வைஃபிடமோ டாக்டரிடமோ கேட்டு ஆரம்பியுங்கள்.

சுகர் நம் ஆட்களுக்குக் கூடுதல் கவலை. தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம், வயது அதை இன்னும் கூட்டுகிறது. இங்கே முதல் ரத்தப் பரிசோதனையிலேயே மூன்று மாதச் சராசரியைப் பார்த்துவிடுவார்கள். ஆறாவது, ஏழாவது மாதத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி பார்ப்பார்கள்.

கடைசியாக, சொல்லவே நா எழாத விஷயம். நிறைமாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோவது. 39, 40-ஆவது வாரத்தில் முப்பத்தைந்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது ஆயிரத்தில் ஒன்று, நாற்பதுக்கு மேல் ஆயிரத்தில் இரண்டு என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-இல் வெளியிட்ட கட்டுரை. நியூசிலாந்தில் தாய் சேய் மரணங்களை ஆராயும் குழுவின் அறிக்கைகளிலும் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் இந்திய வம்சாவளித் தாய்மார்களுக்கும் குழந்தை இழப்பு கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. நான் இரண்டிலும் வருகிறேன். இதை வாசிக்கிற பலரும் வருவீர்கள். மிகச் சிறிய எண்தான். ஆனாலும் அதைக் கணக்கில் வைத்துத் திட்டம் போடுகிற ஆள் நமக்கு வேண்டும்.

தேடும்போது

டெஸ்டில் இரண்டு கோடு தெரிந்த வாரத்திலேயே போன் போட ஆரம்பியுங்கள். ஆக்லாந்தில் மிட்வைஃப்களுக்குத் தட்டுப்பாடு. ஒருவர் ஒரு மாதத்தில் இத்தனை பிரசவம்தான் என்று வைத்துக்கொள்வார், அந்த மாதக் கணக்கு சீக்கிரமே நிரம்பிவிடும். டிசம்பர், ஜனவரியில் பிரசவத் தேதி என்றால் அவர்களும் விடுமுறையில் போகும் காலம், இன்னும் கஷ்டம். முதல் செய்தியிலேயே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: பிரசவத் தேதி, உங்கள் வயது, இது எத்தனையாவது குழந்தை, எந்தப் பகுதியில் வீடு. வயதை மறைக்க வேண்டாம். அதைக் கேட்டுத் தயங்குகிறவர் ஆரம்பத்திலேயே விலகிக்கொள்வது நமக்கு நல்லது. யாருமே கிடைக்கவில்லை என்றாலும் பதற வேண்டாம், அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவு உங்களை ஏற்றுக்கொள்ளும்.

நான் நேரில் சந்தித்தவர்களில் ஒருவர் மிகவும் அன்பானவர். வயது வெறும் எண்தான், உடம்பை நம்புங்கள், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்றார். கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் பிரஷர் ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. வணக்கம் சொல்லி வந்துவிட்டோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தவர் அதிகம் பேசவில்லை, அதிகம் கேட்டார். முதல் பிரசவத்தில் எத்தனை மணி நேரம் வலி, குழந்தை என்ன எடை, ரத்தப்போக்கு எப்படி, அம்மாவுக்குச் சுகர் உண்டா, நடுவில் கரு ஏதும் கலைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கலைந்த கருவைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு என் வயதை வைத்து என்னென்ன கூடுதலாகச் செய்வார், எந்த இடத்தில் டாக்டரைக் கூப்பிடுவார் என்று தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். காரில் ஏறியதும் என் கணவர், "இவங்களே போதும்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. எந்தெந்த நிலையில் என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள்? அதன் பிறகும் நீங்கள் என்னோடு இருப்பீர்களா? இதுதான் தலையாய கேள்வி. எப்போது டாக்டரின் ஆலோசனை, எப்போது பொறுப்பையே மாற்றுவது, எப்போது அவசரம் என்று இந்த நாட்டில் எழுத்திலேயே வழிகாட்டுதல் இருக்கிறது. நல்ல மிட்வைஃப் அதை விரல் நுனியில் வைத்திருப்பார்.

2. குழந்தையின் வளர்ச்சியை எப்படிக் கண்காணிப்பீர்கள்? கடைசி மூன்று மாதத்தில் வளர்ச்சி ஸ்கேன் உண்டா என்று கேளுங்கள்.

3. நாற்பதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறீர்களா? அவர்களில் யாருக்காவது சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்? சிக்கலே வந்ததில்லை என்ற பதிலைவிட, வந்தபோது நடந்ததைப் பொறுமையாக விளக்குகிற பதில் நம்பத் தகுந்தது.

4. முதுகில் எபிட்யூரல் ஊசி போட்டாலோ, வலி வர மருந்து ஏற்றினாலோ யார் என்னைப் பார்ப்பார்கள்? சில மிட்வைஃப்கள் அந்தக் கட்டத்தில் மருத்துவமனை மிட்வைஃபிடம் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். நம் வயதில் இந்த நிலை வர வாய்ப்பு அதிகம், முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

5. உங்களுக்கு விடுமுறை என்றால் யார் வருவார்? ஒவ்வொருவருக்கும் மாற்று மிட்வைஃப் இருப்பார். அவரையும் ஒருமுறையாவது பிரசவத்துக்கு முன் நேரில் பார்த்துவிடுங்கள்.

6. நடு ராத்திரியில் குழந்தை அசையவில்லை என்று தோன்றினால் யாரைக் கூப்பிட வேண்டும்? "காலைல பாக்கலாம்" என்கிற தொனி பதிலில் துளி தெரிந்தாலும் வேறு ஆளைப் பாருங்கள்.

7. ஊரிலிருந்து அம்மா வந்து பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல் எல்லாம் செய்வார், உங்களுக்குச் சம்மதமா? எங்கள் மிட்வைஃப் எல்லாவற்றையும் ஆர்வமாகக் கேட்டார். குழந்தையைத் தனிப் படுக்கையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் படுக்கவைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. அம்மாவுக்கு அந்தக் கண்டிப்பு பிடித்திருந்தது.

ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டோமே என்று மனதுக்கு ஒத்துவராதவரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எந்த மாதத்திலும் மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

கைத்திறன் என்பது இதுதான்

மிட்வைஃப் என்ன பெரிதாகச் செய்துவிடுவார் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். வயிற்றின் உயரத்தை அளக்கும்போது எங்கள் மிட்வைஃப் டேப்பைக் கவிழ்த்துப் பிடிப்பார். எண்கள் வயிற்றுப் பக்கம் இருக்கும், வெற்றுப் பக்கம் அவர் கண்ணுக்கு. முதலில் கையால் தடவிக் கருப்பையின் உச்சியைக் கண்டுபிடிப்பார், அங்கே டேப்பின் முனையை வைப்பார், அடிவயிற்றின் கீழுள்ள பூப்பெலும்பு வரை இழுப்பார், விரலால் இறுக்கிப் பிடித்த பிறகுதான் திருப்பி எண்ணைப் பார்ப்பார். இத்தனையாவது வாரம், இத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கையை இழுத்துவிடக் கூடாதாம். அந்த எண்ணை என் உயரம், எடை, இனம், முந்தைய பிரசவம் எல்லாம் சேர்த்து எனக்கென்றே போட்ட வரைபடத்தில் குறிப்பார். ஒவ்வொரு முறையும் அதே கைகள் அளப்பதால், ஒரு புள்ளி கோட்டிலிருந்து விலகினாலும் உடனே தெரிந்துவிடும்.

கடைசி மாதங்களில் ஒருக்களித்துப் படுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அதற்குப் பின்னால் இந்த ஊர் ஆராய்ச்சியே இருக்கிறது. தூங்கும் நிலைக்கும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதற்கும் தொடர்பு உண்டு என்று 2011-இல் ஆக்லாந்திலிருந்து வெளியான ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர் தொமசினா ஸ்டேசி, ஒரு மிட்வைஃப்.

39-ஆவது வாரம்

வலி தானாக வரும் வரை காத்திருப்பதா, மருந்து கொடுத்து வரவைப்பதா? நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருகிற குழப்பம். மருந்து வைத்தால் கடைசியில் சிசேரியன்தான் என்ற பேச்சு நம்மிடையே நிறைய உண்டு. முப்பத்தைந்துக்கு மேல் முதல் குழந்தை பெறுகிற 619 பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. 39-ஆவது வாரத்தில் வலி வரவைத்தவர்களில் சிசேரியன் ஆனது 32 சதவீதம், காத்திருந்தவர்களில் 33. ஏறக்குறைய சமம்.

எங்கள் மிட்வைஃப் இந்தத் தகவலை முன்கூட்டியே கொடுத்து, டாக்டருடன் சந்திப்புக்கு ஏற்பாடு செய்து, அவரும் கூடவே வந்து உட்கார்ந்தார். டாக்டர் பேசி முடித்ததும், நான் கேட்க நினைத்து விட்டுப்போன கேள்வியை எனக்காகக் கேட்டார். மருந்து வைத்தே பிரசவிப்பது என்று நான் முடிவெடுத்தேன். இன்னொருத்தி காத்திருக்க முடிவெடுக்கலாம். எதுவானாலும் முழு விவரத்தோடும், அவசரப்படுத்தப்படாமலும் எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

ஒரே மிட்வைஃபோ, சின்னக் குழுவோ தொடர்ந்து கவனிக்கும் முறையைப் பற்றிய காக்ரேன் தொகுப்பு 2024-இல் புதுப்பிக்கப்பட்டது. 17 ஆய்வுகள், 18,500-க்கும் மேற்பட்ட பெண்கள். இந்த முறையில் சுகப்பிரசவம் கூடுதலாகவும் சிசேரியன் குறைவாகவும் இருந்தன, தாய்மார்களின் அனுபவமும் நன்றாக இருந்தது.

பிரசவம் முடிந்த பிறகு

தேர்ந்தெடுக்கும்போது பலரும் பிரசவ அறையை மட்டுமே நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்குப் பிந்தைய ஆறு வாரத்தைத்தான் முதலில் நினைக்கச் சொல்வேன்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்திருந்தோம். அம்மா சுக்குக் களி கிண்டிக்கொண்டிருந்தார். எனக்கு லேசான தலைவலி. தூக்கமில்லாததால்தான் என்று எல்லோருமே சொன்னோம். மிட்வைஃப் வழக்கம்போல வந்து குழந்தையை எடை போட்டார், தொப்புளைப் பார்த்தார், பால் குடிப்பதைப் பார்த்தார். பிறகு என் கையில் பட்டையைச் சுற்றினார். ஒருமுறை பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் என்னைச் சாய்ந்து உட்காரவைத்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி. 156-க்கு 102. தலைவலி எங்கே, கண் மங்கலாகத் தெரிகிறதா, நெஞ்சுக்குக் கீழே வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மருத்துவமனை டாக்டரைப் போனில் பிடித்துவிட்டார். அன்று மாலையே அட்மிட் ஆகி, ரத்தப் பரிசோதனை முடிந்து, மாத்திரை ஆரம்பமானது. குழந்தையும் என்னோடுதான் இருந்தாள். மறுநாள் காலை வார்டுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிரசவம் முடிந்தால் பிரஷர் பயம் தீர்ந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பிறந்து மூன்று முதல் ஆறு நாளுக்குள்தான் அது உச்சத்துக்குப் போகும். அந்த நாட்களில்தான் நாம் வீட்டில் இருப்போம். அந்த நாட்களில் படியேறி வந்து கையைப் பிடித்துப் பார்க்கிற ஒருவர் இருந்ததால் நான் தப்பித்தேன். இரண்டு மகள்களுக்கும் அம்மா இருக்கிறாள். அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் சாதாரணமானது இல்லை.

வேறு ஊரில் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டில் இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வசதி இன்னும் பரவலாக இல்லை. 2018-இல் மத்திய அரசு மிட்வைஃப் சேவைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, செவிலியர்களுக்குத் தனிப் பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கியது. அது எல்லா ஊருக்கும் வர வேண்டும் என்பது என் ஆசை. அதுவரைக்கும் நீங்கள் போகிற டாக்டரிடமும், பகுதி சுகாதார செவிலியரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். என் வயதுக்கு என்ன கூடுதலாகச் செய்வீர்கள்? ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது? முக்கியமாக, வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் என் பிரஷரை யார் பார்ப்பார்கள்? யாரும் இல்லையென்றால் பிரஷர் மிஷின் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, எந்த எண்ணைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாற்பதுக்கு மேல் பிள்ளை சுமக்கிறவளைச் சுற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே, "இந்த வயசுலயா?" என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதில் உங்கள் சக்தியை வீணாக்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு மிட்வைஃபுக்குப் போன் போடுங்கள். முதல் கேள்வியையே கேளுங்கள்: "எப்போது என்னை டாக்டரிடம் அனுப்புவீர்கள்?" தயங்காமல், தெளிவாகப் பதில் சொல்கிறவர் கிடைத்துவிட்டால், அன்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.